பட்டறைக் கேள்வி – பதில்: சாய்வு கீழே, சுழற்சி மேலே

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: உலோகத்தில் சாய்வாகத் துளை போட வேண்டும், அதுவும் சம இடைவெளியில். நேராகத் துளை போடுகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து நிற்கத்தான் வேண்டும். நானும் நின்றிருக்கிறேன். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை இதையே பார்ப்போம்.

கேள்வி: சார், 100 மி.மீ. வெளிவிட்டம், 50 மி.மீ. உள்விட்டம், 20 மி.மீ. கனம் உள்ள மைல்ட் ஸ்டீல் வளையம். மேல் முகத்தில் 80 மி.மீ. வட்டத்தில் 12 துளைகள், ஒவ்வொன்றும் 5 மி.மீ. எல்லாமே கீழே போகப் போக மையத்தை நோக்கி 30 டிகிரி சாய வேண்டும். மார்க்கிங் செய்து, சென்டர் பஞ்ச் அடித்து, சாய்வு வைஸில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பிடித்து டிரில்லிங் மெஷினில் போட்டேன். மேலே இடைவெளி பரவாயில்லை. திருப்பிப் பார்த்தால் கீழே ஒன்று அங்கே, ஒன்று இங்கே. மூன்று துளைகள் உள்சுவரைக் கிழித்துவிட்டன. எங்கே தப்பு?
– சிறு பட்டறை நடத்தும் வாசகர்

பதில்: மெஷினை ஓட்டுவதற்கு முன்பே தப்பு நடந்துவிட்டது. வளையத்தைக் குறுக்கே வெட்டியதுபோல ஒரு படம் போட்டிருந்தால் இந்த வேலை எவ்வளவு நெருக்கடியானது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

மேல் முகத்தில் துளையின் மையம் வளையத்தின் மையத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி இருக்கிறது. கனம் 20. 30 டிகிரி சாய்ந்தால் அடியில் வந்து சேரும்போது துளை 20 × டேன் 30, அதாவது 11.55 மி.மீ. உள்ளே நகர்ந்திருக்கும். ஆக அடியில் அதன் மையம் 28.45-ல். அங்கே துளையின் வாய் வட்டமாக இருக்காது. சாய்வாக வெட்டிய குழாய்போல நீள்வட்டமாக இருக்கும். 5-ஐ காஸ் 30-ஆல் வகுத்தால் நீளவாட்டில் 5.77 மி.மீ., அதில் பாதி 2.89. அப்படியானால் துளையின் உள்ஓரம் 25.56-ல் இருக்கிறது. உங்கள் உள்விட்டத்தின் ஆரம் 25. நடுவில் மிச்சமிருக்கும் சுவர் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான்!

இப்போது வைஸ் 30-க்குப் பதில் 31-ல் நின்றுவிட்டது என்று வையுங்கள். அதே கணக்கில் சுவர் 0.07 மி.மீ. ஆகிறது. 32 என்றால் சுவரே கிடையாது. சாய்வு வைஸின் அடியில் இருக்கும் அந்தத் தடித்த கோடுகளைப் பார்த்து ஒரு டிகிரிக்குள் வைப்பதே பெரிய பாடு. மூன்றுதான் கிழிந்தது என்றால் உங்கள் கை நல்ல கை. படத்தைக் கொடுத்தவரிடம் பேசி உள்விட்டத்தை 48 ஆக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஒரு மில்லிமீட்டர் சுவர் கூடினால் பாதித் தலைவலி போய்விடும். முடியாது என்றால், முதலில் துளைகளைப் போட்டுவிட்டு உள்விட்டத்தைக் கடைசியாக லேத்தில் கடையலாம். அப்போது டிரில் போகும் வழியில் சுற்றிலும் கெட்டி உலோகம் இருக்கும். மெல்லிய பக்கமாக அது ஒதுங்காது.

அடுத்தது பிடிக்கும் முறை. நீங்கள் 12 தடவை ஜாபை, அதாவது வேலைத்துண்டை, கழற்றி மாட்டியிருக்கிறீர்கள். அப்படியானால் 12 தடவை புதிதாகத் தப்பு செய்ய வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த வேலையில் ஜாப் ஒரே ஒரு தடவைதான் மாட்டப்பட வேண்டும். சாய்வு ஒரே தடவை வைக்கப்பட வேண்டும். டிரில்லைச் சுற்றும் ஸ்பிண்டில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வளையம் மட்டும் தன் அச்சில் சுற்ற வேண்டும். அதற்கு அடுக்கு வரிசை முக்கியம்: சாய்வு கீழே, சுழற்சி மேலே. சாய்வுத் தட்டின் மேல் ரோட்டரி டேபிள் (கோணம் அளந்து சுற்றும் மேசை), ரோட்டரி டேபிளின் மேல் வளையம், அதுவும் டேபிளின் மையத்தில். இதை மாற்றி, ரோட்டரி டேபிளின் மேல் சாய்வு வைஸை வைத்து, அதில் வளையத்தைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது டேபிள் செங்குத்து அச்சில் சுற்றும், வளையத்தின் அச்சோ சாய்ந்து கிடக்கும். இரண்டும் ஒன்றல்ல. முதல் துளை சரியாக வரும், இரண்டாவதிலிருந்து எல்லாம் எங்கெங்கோ போகும். ஒரு சுற்றைச் சம பங்குகளாகப் பிரித்துத் தரும் டிவைடிங் ஹெட் இருந்தால் இன்னும் சுலபம்; அதன் தலையே சாயும், சாய்ந்த பிறகு ஸ்பிண்டில் தன் அச்சில் சுற்றும். வரிசை தானாகவே சரியாக அமைந்துவிடும்.

சாய்வை வைக்க டிகிரிக் கோடுகளை நம்ப வேண்டாம். சைன் பார் (இரு உருளைகள் மேல் நிற்கும் பட்டை; ஒரு முனையை உயர்த்தினால் கோணம் கிடைக்கும்) இருந்தால் 30 டிகிரி மாதிரி சௌகரியமான கோணம் கிடையாது: 100 மி.மீ. பாருக்கு ஒரு முனையின் அடியில் சரியாக 50 மி.மீ. ஸ்லிப் கேஜ், அதாவது துல்லிய அளவுக்கட்டை. சைன் பார் இல்லை, 30 டிகிரி ஆங்கிள் பிளாக் இருக்கிறது என்றால், சாய்த்த வளையத்தின் முகத்தில் அதை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். அதன் மேல்பக்கம் இப்போது மட்டமாக இருக்க வேண்டும். ஸ்பிண்டிலில் டயலை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கேஜ்) மாட்டி அதன் மேல் ஓட்டுங்கள். முள் அசையாமல் நின்றால் 30.

இனி ஒரு பழைய அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். நான் டூல் ரூமில் சேர்ந்த இரண்டாவது வருடம் இதே மாதிரி ஒரு வளையம் வந்தது. சாய்வு, பிரிப்பு எல்லாம் அழகாக வைத்தேன். சாய்ந்த முகத்தில் தாழ்ந்த பக்கம் என் கைக்கு அருகில் இருந்தது; டிரில்லை அங்கே இறக்கினேன். எட்டுத் துளைகளும் துல்லியமாக வந்தன. எல்லாம் வெளிப்பக்கமாக விரிந்தபடி! உள்ளே குவிய வேண்டிய துளைகளை உயர்ந்த பக்கத்தில் போட வேண்டும்; தாழ்ந்த பக்கத்தில் போட்டால் வெளியே விரியும். என் மேஸ்திரி திட்டவில்லை. வளையத்தை என் மேசை மேலேயே ஒரு மாதம் வைத்திருக்கச் சொன்னார். திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து வேலை தொடங்குமுன் ஒரு துண்டு அட்டையில் வளையம் வெட்டி, ஒரு குச்சியைச் சாய்வாகக் குத்தி, மெஷினின் மேல் வைத்துப் பார்த்துவிடுவேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஸ்பிண்டிலை இடத்துக்குக் கொண்டுவருவதில்தான் பலர் குழம்புகிறார்கள். வளையம் சாய்ந்துவிட்டது, 40 மி.மீ. ஆரத்தை எப்படி அளப்பது? உள்விட்டத்தில் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு பிளக் கடைந்து, அதன் நடுவில் ஒரு பால் பேரிங் குண்டை உட்கார வையுங்கள். குண்டின் மையம் வளையத்தின் மேல் முகத்தோடு சரிமட்டத்தில் இருக்கும்படி பிளக்கின் உயரத்தை அமைத்துவிட்டால் கணக்கு எளிது. டயலால் குண்டின் மையத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து உயர்ந்த பக்கமாக 40 × காஸ் 30, அதாவது 34.64 மி.மீ. நகர்த்துங்கள். 40 அல்ல! சாய்ந்த முகத்தில் 40 என்பது மேலிருந்து பார்க்கும் ஸ்பிண்டிலுக்கு 34.64 தான். குண்டின் மையம் முகத்துக்கு மேலே தூக்கி நிற்கிறது என்றால், அந்த உயரத்தில் பாதியை 34.64-உடன் கூட்டிக்கொள்ளுங்கள், சைன் 30 அரை என்பதால். 10 மி.மீ. தூக்கி நின்றால் 39.64.

பிரிப்புக்கு வருவோம். டிவைடிங் ஹெட் பெரும்பாலும் 40-க்கு 1: கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்று சுற்றும். 40-ஐ 12-ஆல் வகுத்தால் மூன்று முழுச் சுற்றும் மூன்றில் ஒரு பங்கும். கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் தட்டின் 18 துளை வட்டத்தில் மூன்று சுற்றுக்கு மேல் 6 இடைவெளி. இடைவெளி என்று சொல்கிறேன், துளை என்று சொல்லவில்லை. கைப்பிடியின் பின் (ஊசி) நிற்கும் துளையை ஒன்று என்று எண்ணத் தொடங்குகிறவர்கள் ஐந்து இடைவெளிதான் நகர்வார்கள். கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள். தாண்டிவிட்டால் அரைச் சுற்றாவது பின்னால் போய்த் திரும்ப வாருங்கள், பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான தளர்வு) போகட்டும். அப்புறம், துளை போடுமுன் 12 இடத்திலும் முகத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு புள்ளி வையுங்கள். 12 தடவை நகர்ந்த பிறகு முனை முதல் புள்ளியிலேயே போய் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் எங்கோ எண்ணிக்கை பிசகியிருக்கிறது. இன்னும் ஒன்றும் கெடவில்லை.

கடைசியாக டிரில். சென்டர் பஞ்ச் குழி சாய்ந்த முகத்தில் உதவாது. சாதாரண 118 டிகிரி முனையில் ஒவ்வொரு பக்கச் சரிவும் 31 டிகிரி. உங்கள் முகம் 30 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதாவது டிரில்லின் ஒரு பக்க வெட்டுவாய் முழுசாகத் தொடுகிறது, மறுபக்கம் காற்றில் நிற்கிறது. தள்ளிக்கொண்டு போகாமல் என்ன செய்யும்? 135 டிகிரி முனை நழுவாது என்று யாராவது சொன்னால் அது மட்டமான முகத்துக்கு. அதன் சரிவு 22.5 டிகிரிதான், 30 டிகிரி முகத்தில் நுனிக்கு முன்னால் ஓரமே தொட்டுவிடும். ஆகவே முதலில் நடுவிலும் வெட்டக்கூடிய 5 மி.மீ. ஸ்லாட் டிரில்லை மெதுவாக இறக்கி, சரிவில் ஒரு மட்டமான இருக்கை வெட்டுங்கள். முழு வட்டமும் மட்டமாக 2.9 மி.மீ. ஆழம் வேண்டும். அந்த இருக்கையில் சென்டர் டிரில், பிறகு கையில் இருப்பதிலேயே குட்டையான 5 மி.மீ. டிரில். 12 இடத்திலும் இருக்கை வெட்டி முடித்துவிட்டு, இரண்டாவது சுற்றில் சென்டர், மூன்றாவது சுற்றில் டிரில் என்று போனால் கருவி மாற்றுவது மூன்றே தடவை. ஹைஸ்பீட் ஸ்டீல் டிரில்லுக்கு மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 1,600 சுற்று பக்கம் வையுங்கள், எண்ணெய் தாராளமாக.

கேள்வி: நீளமான ஒரு தட்டைக் கம்பி, 250 மி.மீ. நீளம். அதில் 25 மி.மீ. இடைவெளியில் 10 துளை, நீளவாட்டில் 30 டிகிரி சாய்வு. கம்பியைச் சாய்த்துப் பிடித்து, மில்லிங் மெஷின் டேபிளை 25, 25 ஆக நகர்த்தினேன். ஒன்பதாவது துளை விளிம்பிலேயே போய் விழுந்தது, பத்தாவதுக்கு இடமே இல்லை. டேபிள் நகர்வைக் காட்டும் டயல் கெட்டுவிட்டதா?
– மில்லிங் ஆபரேட்டர்

பதில்: டயல் நன்றாகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன அதே 34.64 கதைதான். டேபிள் மட்டமாக நகர்கிறது, கம்பி சரிவாகக் கிடக்கிறது. டேபிள் 25 நகர்ந்தால் கம்பியின் மேல் 28.87 ஆகிவிடும். ஒன்பது இடைவெளிக்கு 225 வர வேண்டியது 260 பக்கம் போய்விட்டது. கம்பியே 250 தான்.

நகர்த்த வேண்டியது 25 × காஸ் 30, அதாவது 21.65. இதை ஒவ்வொரு தடவையும் முந்தைய துளையிலிருந்து அளக்காதீர்கள். வேலைக்கு முன் ஒரு தாளில் முதல் துளையைச் சுழியமாக வைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: 21.65, 43.30, 64.95, 86.60, 108.25, 129.90, 151.55, 173.21, 194.86. ஒரு துளையில் கை பிசகினாலும் அடுத்த துளைக்கு அது தொற்றாது. கணக்கில் சோம்பல்பட்டு காஸ் 30-ஐ 0.86 என்று வைத்துக்கொண்டு 21.5 ஆக நகர்த்தினால், கடைசித் துளையில் டேபிள் கணக்கில் 1.35 மி.மீ. பாக்கி நிற்கும்.

ஆனால் உங்கள் வேலையில் இதைவிடப் பெரிய தொல்லை வேறு இருக்கிறது. ஒவ்வொரு துளைக்கும் கம்பியின் முகம் 12.5 மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். ஒன்பது இடைவெளிக்கு 112.5. குவில் (ஸ்பிண்டிலை ஏந்தி மேலும் கீழும் நகரும் குழல்) அவ்வளவு தூரம் இறங்குமா என்று பாருங்கள். இறங்கினாலும் டிரில் துருத்திக்கொண்டு ஆடும். டேபிளின் உயரத்தை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம். உங்கள் மெஷினின் தலை சாயுமானால் நான் கம்பியை மட்டமாகவே பிடித்து, தலையை 30 டிகிரி சாய்ப்பேன். அப்போது டேபிள் நகர்வது 25 தான், உயரமும் மாறாது, கணக்கே வேண்டாம். குவிலால் மட்டுமே ஊட்டம் கொடுக்க வேண்டும் என்பதும், வேலை முடிந்தபின் தலையை நிமிர்த்திச் சரிபார்க்கும் அலுப்பும்தான் அதற்குக் கொடுக்கும் விலை. தலையை நிமிர்த்தாமல் விட்டுவிட்டுப் போனால் மறுநாள் வருகிறவர் உங்களை வாழ்த்தமாட்டார்.

சாய்வு கம்பியின் நீளவாட்டில் இல்லாமல் அகலவாட்டில் இருந்தால் இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. நீளம் மட்டமாகவே கிடக்கும், 25 என்றால் 25.

கேள்வி: ஐயா, படத்தில் முன்பக்கத் தோற்றத்தில் துளை 30 டிகிரி சாய்ந்திருக்கிறது, பக்கவாட்டுத் தோற்றத்திலும் 30 டிகிரி. முதலில் ஒரு பக்கம் 30 சாய்த்து, அப்புறம் அதன் மேலேயே மறுபக்கம் 30 சாய்த்தால் போதும் என்கிறார் என் நண்பர். சரியா?
– தொழிற்பயிற்சி மாணவி

பதில்: சரியில்லை மகளே, ஆனால் நண்பரைத் திட்டாதே. சின்னக் கோணங்களில் அவர் சொல்வது கிட்டத்தட்டச் சரியாகவே வரும், அதனால்தான் அந்தப் பழக்கம் பட்டறைகளில் உயிரோடு இருக்கிறது.

ஒரு பென்சிலை மேசை மேல் சாய்வாக நிறுத்து. முன்னால் நின்று பார்த்தால் ஒரு சாய்வு தெரியும், பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னொரு சாய்வு. பென்சில் உண்மையில் சாய்ந்திருப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு திசையில், இரண்டையும்விடக் கூடுதலாக. அந்த உண்மைச் சாய்வைக் கண்டுபிடிக்க இரண்டு கோணங்களின் டேன் மதிப்பை எடு, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டு, வர்க்கமூலம் எடு. அது உண்மைச் சாய்வின் டேன். 30-க்கும் 30-க்கும் அது 39.2 டிகிரி. திசை இரண்டுக்கும் சரிநடுவில், 45 டிகிரி. ஆகவே ஜாபை 45 டிகிரி திருப்பிப் பிடித்து, ஒரே தடவை 39.2 சாய்த்தால் வேலை முடிந்தது. நண்பர் சொன்னபடி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்தால் 41.4 வரும். இரண்டு டிகிரிக்கு மேல் தவறு. இதையே 10-க்கும் 10-க்கும் போட்டுப் பார்: சரியான விடை 14.0, நண்பரின் வழியில் 14.1. தப்பு தெரியவே தெரியாது.

இரண்டும் வெவ்வேறாக இருந்தாலும் இதே வழிதான். 20-ம் 10-ம் என்றால் உண்மைச் சாய்வு 22.0; திருப்ப வேண்டிய திசை, 20 டிகிரிப் பக்கத்திலிருந்து 25.8 டிகிரி. சின்ன டேனைப் பெரிய டேனால் வகுத்தால் அது திசையின் டேன். இந்தக் கணக்கை ஒரு தடவை நீயே கையால் போட்டுப் பார்த்துவிடு.

கேள்வி: படத்தில் "30 டிகிரி" என்று மட்டும் போட்டிருக்கிறது. முகத்திலிருந்தா, செங்குத்திலிருந்தா? எதை எடுத்துக்கொள்வது?

பதில்: எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வரைந்தவரைக் கூப்பிடுங்கள். முகத்திலிருந்து 30 என்றால் செங்குத்திலிருந்து 60. 5 மி.மீ. துளையின் வாய் ஒன்றில் 5.77 மி.மீ. நீளம், மற்றதில் 10 மி.மீ. ஒரே எண்ணுக்கு இரண்டு வேறு ஜாப்.

கேள்வி: என்னிடம் டிவைடிங் ஹெட்டும் இல்லை, ரோட்டரி டேபிளும் இல்லை. பெஞ்ச் டிரில்லிங் மெஷின் மட்டும். 7 துளைகள் சாய்வாகப் போட வேண்டும். 7 மாதிரி ஒரு எண்ணை எப்படிப் பிரிப்பது?
– வீட்டில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர்

பதில்: 360-ஐ 7-ஆல் வகுத்தால் முடியாமல் போய்க்கொண்டே இருக்கும், அதனால் டிகிரியை மறந்துவிடுங்கள். இரண்டு வழி சொல்கிறேன்.

முதலாவது காகிதம். வளையத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் பிளேடால் கீறி, சுற்றளவுக்குச் சரியாக வெட்டுங்கள். சம இடைவெளியில் ஏழு இடைவெளிகள் வருமாறு கோடு போட்ட ஒரு தாளில் பட்டையைச் சாய்வாகக் கிடத்துங்கள். ஒரு நுனி முதல் கோட்டில், மறுநுனி எட்டாவது கோட்டில். கோடுகள் பட்டையை வெட்டும் இடங்களைக் குறியுங்கள். ஏழு சமபங்கு. பட்டையைத் திரும்பச் சுற்றி ஒட்டி, குறிகளை உலோகத்துக்கு மாற்றுங்கள். கையில் நிதானம் இருந்தால் அரை மில்லிமீட்டருக்குள் வந்துவிடும்.

இரண்டாவது டிவைடர். 80 மி.மீ. வட்டத்தில் 7 துளைக்கு இரண்டு துளைகளுக்கு நடுவே நேர்கோட்டுத் தூரம் 80 × சைன் (180/7), அதாவது 34.71. டிவைடரை அதற்கு வைத்து நடந்து போங்கள். ஏழாவது அடி முதல் புள்ளிக்கு எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதை ஏழாகப் பிரித்து டிவைடரைத் திருத்துங்கள். மறுபடி நடங்கள். இரண்டு மூன்று முறையில் அடங்கிவிடும். திருத்தும்போது ஏதும் கீறாமல் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் எது நிஜக் குறி என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

ஆனால் இந்தக் குறிகளை நேரே ஜாபில் போட்டுச் சாய்வுத் துளை தொடங்காதீர்கள். முதலில் ஒரு தனித் தட்டில் நேர்த்துளைகளாக ஏழு போட்டு, அதை இண்டெக்ஸ் தட்டாக வைத்துக்கொள்ளுங்கள். வளையமும் அந்தத் தட்டும் ஒரே அச்சில், ஒரு கட்டையின் சாய்ந்த முகத்தில் உட்காரட்டும். கட்டையில் ஒரு பின், தட்டின் துளைக்குள் விழும். மேலே இரும்புப் பட்டையில் கடினப்படுத்திய ஒரு டிரில் புஷ் (டிரில்லுக்கு வழிகாட்டும் குழல்), அதன் அடிநுனி வளையத்தின் சரிவுக்கு ஏற்பச் சாய்வாகத் தீட்டப்பட்டு, முகத்தை ஒட்டி நிற்கட்டும். நேராக வெட்டிய புஷ் என்றால் ஒரு பக்கம் தொடும், மறுபக்கம் இடைவெளி விட்டு நிற்கும், அந்த இடைவெளியில்தான் டிரில் வளையும். இப்படி ஒரு ஜிக் செய்ய ஒரு நாள் போகும். ஒரே ஒரு வளையம்தான் என்றால் எனக்கே யோசனையாகத்தான் இருக்கும். நாலைந்து வளையம் என்றால் யோசிக்கமாட்டேன்.

கேள்வி: துளை முழுக்க நன்றாகப் போகிறது. வெளியே வரும் கடைசி நேரத்தில் டிரில் பட்டென்று ஒடிகிறது.

பதில்: உள்ளே நுழையும்போது இருந்த அதே பிரச்சினை, வெளியே வரும்போது தலைகீழாக. ஒரு வெட்டுவாய் ஏற்கெனவே காற்றில், மற்றது இன்னும் உலோகத்தில். ஜாபுக்கு அடியில் அதே உலோகத்தில் ஒரு துண்டை ஒட்டி இறுக்கிப் பிடியுங்கள், நடுவில் காகிதம் நுழையும் சந்துகூட இல்லாமல். டிரில்லுக்கு ஜாப் முடிந்ததே தெரியாது. துண்டு வைக்க வழியில்லை என்றால் கடைசி நாலைந்து மில்லிமீட்டரைக் கையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இறக்குங்கள். மெஷினின் ஆட்டோ ஊட்டத்தை அந்த இடத்தில் நம்பவே வேண்டாம்.

கேள்வி: இப்போதுதான் ஐந்தச்சு சி.என்.சி. (கணினி ஓட்டும் மெஷின்) வந்துவிட்டதே, இன்னும் எதற்கு சைன் பாரும் குண்டும்?

பதில்: இருந்தால் தாராளமாகப் போடுங்கள், நான் பொறாமைப்படுவேன். காஸ் 30-ஐ அது பார்த்துக்கொள்ளும். ஆனால் சுழல் அச்சுகளின் மையம் எங்கே, ஜாபின் சுழியம் எங்கே என்பதை அதற்கும் ஒருவர் சரியாகச் சொல்ல வேண்டும். சரிவில் டிரில் நழுவுவதும் அதற்குத் தெரியாது. அங்கேயும் முதலில் எண்ட் மில்லால் இருக்கை வெட்டித்தான் போடுகிறார்கள். கேஸ் டர்பைன் பிளேடுகளில் குளிர்காற்றுக்காக மேற்பரப்போடு ஒட்டிச் சாய்ந்து போகும் சின்னத் துளைகள் உண்டு, பெரும்பாலும் ஒரு மி.மீ.க்கும் குறைவு. அவற்றை டிரில்லாலேயே போடுவதில்லை. மின்சாரத் தீப்பொறியாலோ லேசராலோ போடுகிறார்கள். அங்கே தள்ளிக்கொண்டு போக முனையே கிடையாது.

கேள்வி: துளை போட்டாகிவிட்டது. சாய்வு சரியாக வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? புரோட்ராக்டர் உள்ளே நுழையவில்லை.

பதில்: துளைக்குள் ஆடாமல் பொருந்தும் ஒரு கேஜ் பின்னைச் செருகுங்கள், 40 மி.மீ.க்கு மேல் வெளியே நீண்டிருக்கட்டும். ஜாபை இன்னும் கழற்றவில்லை என்றால் பின் இப்போது செங்குத்தாக நிற்க வேண்டும். ஸ்பிண்டிலில் டயலை மாட்டி, பின்னின் பக்கத்தில் வைத்து, குவிலை 40 மி.மீ. ஏற்றி இறக்குங்கள். முன்பக்கம் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை. 40-க்கு 0.1 மி.மீ. ஓடினால் சாய்வு ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்கு பிசகியிருக்கிறது. முதல் வாசகரின் வளையத்தில் அது சுவரில் 0.07 மி.மீ.யைத் தின்றுவிடும், தாங்கும். 0.5 ஓடினால் தாங்காது.

இந்தச் சோதனை டிரில் நேராகப் போனதா என்பதை மட்டும்தான் சொல்லும். சாய்வை வைத்ததிலேயே தப்பு இருந்தால் இது காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆங்கிள் பிளாக்கை மறுபடி முகத்தில் வைத்து டயலை ஓட்ட வேண்டும். பின்னைச் செருகுமுன் வாயில் இருக்கும் பர்ரை (ஓரத்துப் பிசிரை) எடுத்துவிடுங்கள். நீள்வட்ட வாய் என்பதால் கூர்மையான பக்கத்தில்தான் பர் அதிகம் நிற்கும், துளையின் வாயைச் சரிவாக வெட்டும் கவுண்டர்சிங்க் அங்கே சரியாக உட்காராது. சின்ன அரைவட்ட அரத்தால் கையாலேயே எடுங்கள்.